குமரி முனைக்கு மேற்கே

கன்யாகுமரிக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். சூரியோதயத்தை மேகம் மறைத்துவிட்டது. படகுக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். விவேகானந்தர் பாறையில் காற்று ஆளைத் தூக்கியது. வள்ளுவரின் பாதம் வரையில் ஏறிப் பார்த்தோம். குழந்தைகளுக்குச் சோழியும், பல நிற மணல் பொட்டலமும் வாங்கினோம். மத்தியான வண்டியைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். குறை சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. தேசத்தின் கடைக்கோடியில் நின்று மூன்று சமுத்திரங்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இராது? ஆனால் அங்கே தெற்கு நோக்கி நிற்கிற அத்தனை பேரில், நூற்றில் ஒருவராவது வலப்புறம் திரும்பிப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

அந்த வலப்புறத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். குமரி முனையிலிருந்து மேற்கே, கேரள எல்லையிலுள்ள நீரோடி வரையில், ஏறக்குறைய 70 கிலோ மீட்டர் தூரத்துக்குக் கடற்கரை வளைந்து கிடக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட மீனவ கிராமங்கள் ஒன்றன் தோளை ஒன்று தொட்டுக்கொண்டு அதில் நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று வெளியூரார் கண்டுபிடிக்க முடியாது. கோயில் கோபுரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். மணற்பரப்பும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும்; திடீரென்று கரும்பாறைகள் கடலுக்குள் நடந்து போகும்; ஆறு ஒன்று அவசரமே இல்லாமல் வந்து காயலாகப் படுத்துக்கொள்ளும். பத்து மைலுக்குள் இத்தனை மாறுதல்களைக் காட்டும் கரை நம் நாட்டில் அதிகம் இல்லை என்பது என் மாமாவின் அபிப்பிராயம்.

மாமா என்று சொன்னேன். அவர் என் தாயாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் குடும்பம் ராசிபுரத்துப் பக்கம். சேலம் ஜில்லாவில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது பூகோளப் புஸ்தகத்தில் நீல வர்ணம் பூசிய இடம், அவ்வளவுதான். மாமாவும் ஐம்பது வயது வரையில் அப்படித்தான் இருந்தார். தபால் இலாகாவில் உத்தியோகம். 1998-இல் நாகர்கோவில் பக்கம் மாற்றல் ஆயிற்று. 'இரண்டு வருஷத்தில் திரும்பி விடுவேன்' என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினார். 2005-இல் பென்ஷன் வாங்கினார். முட்டத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாடகைக்கு ஓட்டு வீடு ஒன்று பார்த்துக்கொண்டார். அத்தை 2016-இல் காலமான பிறகும் அந்த வீட்டை விடவில்லை. இப்போது எண்பது வயதாகிறது.

இந்தக் கரையின் மேல் அவருக்கு எப்படி மோகம் பிறந்தது என்று கேட்டால், கடலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்பார். தபால் பைகளில் வந்த விலாசங்களிலேதான் முதலில் இந்த ஊர்கள் அவருக்கு அறிமுகமாயின. பொழிக்கரை, கேசவன்புத்தன்துறை, கடியபட்டணம், குறும்பனை, மிடாலம், இனயம், பூத்துறை, வள்ளவிளை! பெயரைப் படித்தால் நேரில் போய்ப் பார்க்கத் தோன்றும்படியான ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் ஒவ்வோர் ஊராகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். சைக்கிளில் அத்தை பின்னால் உட்கார்ந்திருப்பாள். மடியில் புளியோதரைப் பாத்திரம்.

நேயர்கள் சிரிக்கக் கூடாது: மாமா சுத்த சைவம். சாளை, அயிலை, நெத்திலி, சூரை, வாளை, கணவாய் என்று தூரத்திலிருந்தே மீனை இனம் கண்டு சொல்லக் கூடியவர். எந்த மாதத்தில் எது கிடைக்கும், எதற்கு என்ன விலை போகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்றையாவது நாக்கில் வைத்ததில்லை. ஊராரும் அதை ஒரு வேடிக்கையாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கரமடி இழுத்து முடிந்து பங்கு பிரிக்கும்போது, "ஸாருக்குப் பங்கு?" என்று யாராவது கேட்பார்கள். மறுநாள் காலையில் வாசல் திண்ணையில் ஒரு சீப்பு மட்டிப் பழம் இருக்கும். குமரி ஜில்லாவுக்கே உரிய இந்தச் சின்னஞ்சிறு வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்திராவிட்டாலும் அதன் மணத்தில் ஒன்றும் குறைந்திருக்காது.

*

2024 டிசம்பர் விடுமுறையில் நான் அங்கே போனது உல்லாசப் பிரயாணமாக அல்ல. தூது போனேன்.

மாமாவின் ஒரே பெண் கோயமுத்தூரில் குடியிருக்கிறாள். தகப்பனாரை எப்படியாவது அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று பல வருஷங்களாக அவளுக்கு எண்ணம். அந்த வருஷம் மே மாதம் அந்த எண்ணம் பிடிவாதமாக மாறிற்று. மே 6-ஆம் தேதி, முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், வைத்தியக் கல்லூரி மாணவர் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று புயல் இல்லை, மழை இல்லை, காற்றுக்கூட அதிகம் இல்லை. வெகு தூரத்தில், இந்து மகா சமுத்திரத்தின் தென்கோடியில் அடிக்கும் புயற்காற்று எழுப்பிவிடும் அலைகள், ஆயிரக்கணக்கான மைல் ஓசையின்றிப் பிரயாணம் செய்து, இரண்டு மூன்று நாள் கழித்து இந்தக் கரையில் வந்து ஏறும். உள்ளூர் வானத்தில் அதற்கு எவ்வித அறிகுறியும் இராது. திருடன் போல் வருவதனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் அதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானிகளும் அந்தப் பெயரையே அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பத்திரிகையில் இதைப் படித்த நாள் முதல் என் மாமா பெண்ணுக்குத் தூக்கம் இல்லை. "அத்தான், நான் சொன்னால் அப்பா கேட்க மாட்டார். நீங்கள் பள்ளிக்கூட வாத்தியார். நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்றாள். பள்ளிக்கூட வாத்தியார் சொன்னால் தபால் இலாகாக்காரர் கேட்பார் என்று அவள் எப்படி எதிர்பார்த்தாளோ, எனக்குத் தெரியாது.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது, நூற்றுக்கணக்கான காற்றாலைகள் கை வீசி வரவேற்றன. இந்தப் பக்கம் வறட்சி. அந்தப் பக்கம் ஒரே பச்சை. நாகர்கோவிலில் இறங்கி மாமாவின் ஊரை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அது. வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு. ஒவ்வொரு திண்ணையிலும் வைக்கோலும் களிமண் பொம்மைகளுமாக ஒரு குடில். 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையோரமாக நடந்து வந்து, ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் செய்வித்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அன்று முதல் இந்த ஊர்களில் அநேகம் கத்தோலிக்க ஊர்கள். மாமாவின் வாசலிலும் ஒரு நட்சத்திரம் தொங்கிற்று. பக்கத்து வீட்டுப் பையன்கள் கட்டிவிட்டுப் போனார்களாம். நடுநிசியில் கோயில் மணி அடித்தபோது மாமா எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொருவரும், "ஸாரே, கிறிஸ்துமஸ் வாழ்த்து" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விடிவதற்குள் திண்ணையில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் குவிந்துவிட்டன.

மறுநாள் மாமா என்னை முட்டத்துப் பாறைகளுக்கு அழைத்துப் போனார். முட்டம் என்றால் தமிழ்நாட்டில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1981-இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படந்தான் ஞாபகம் வரும். சினிமாப் படக் கருவியில் அகப்படாத ஒன்றும் அங்கே உண்டு. குன்றின் மேல் கலங்கரை விளக்கம்; அதன் கீழே செம்மண் மேடு; அதற்கும் கீழே கரிய பாறைகள்; அப்புறம் நீலக் கடல். செம்மண்ணும் கடலும் இவ்வளவு நெருங்கி நிற்பதைப் பார்த்தால், யாரோ தவறுதலாக இரண்டு ஜில்லாக்களை ஒட்டி வைத்துவிட்டாற்போல் இருக்கிறது. மாமா கைத்தடியால் ஒரு பாறையைச் சுட்டிக் காட்டினார். "அதில் மட்டும் நிற்காதே. அலை வருவது தெரியாது" என்றார். நான் சமயம் பார்த்து, "அதைத்தான் உங்கள் பெண்ணும் சொல்கிறாள், மாமா" என்றேன். "அவள் எந்தப் பாறை என்று சொன்னாளா?" என்று கேட்டுவிட்டு மேலே நடந்தார்.

அங்கிருந்தபடியே கிழக்கும் மேற்கும் கையை நீட்டி அவர் சொன்ன ஒரு செய்தி எனக்கு வெகு ருசியாக இருந்தது. இந்த ஒரு ஜில்லாவில் கடலுக்கு இரண்டு பஞ்சாங்கம். மீன்கள் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்கு வருஷத்தில் 61 நாள் தடை உண்டல்லவா? கன்யாகுமரிக்கு அருகிலுள்ள சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கில் சேர்ந்தது; அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் தடை. இந்தப் பக்கம் முட்டம், கொளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கரைக் கணக்கு. இங்கே ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரையில். "அங்கே படகு கட்டிக் கிடக்கும், இங்கே மீன் ஏலம் போகும். அங்கே புறப்படுவார்கள், இங்கே வலையைப் பழுது பார்ப்பார்கள். ஒரே கடல்தானே என்று மீன் நினைக்கும். சர்க்கார் அப்படி நினைக்காது" என்றார் மாமா.

*

டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் அவர் சீக்கிரமே எழுந்து சலவைச் சட்டை அணிந்துகொண்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. 2004-இல் அதே தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி இந்தக் கரையில் ஏறியது. குமரி ஜில்லாவில் மட்டும் ஏறக்குறைய எண்ணூறு பேர் மாண்டு போனார்கள். அன்றோடு இருபது வருஷம் பூர்த்தி.

முதலில் மணக்குடிக்குப் போனோம். பழையாறு கடலில் கலக்கும் இடம் அது. காயலின் இருகரையிலும் இரண்டு ஊர்கள்: கிழக்கே கீழ மணக்குடி, மேற்கே மேல மணக்குடி. உப்பளங்கள், தென்னை, கரையோரம் அலையாத்திச் செடிகள், தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். இவ்வளவு சாந்தமான நீரை நான் பார்த்ததில்லை. இரண்டு ஊரையும் இணைத்துக்கொண்டிருந்த கான்கிரீட் பாலத்தை அன்று அலை பெயர்த்து, துண்டு துண்டாகக் காயலுக்குள் தள்ளிவிட்டது. பிற்பாடு புதிய பாலம் கட்டினார்கள். அதன்மேல் நடந்துகொண்டே மாமா கைத்தடியால் தண்ணீரைக் காட்டினார். வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. கரையில் ஜனங்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கூடியிருந்தார்கள். வயதான பெண்மணி ஒருத்தி மாமாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வந்திட்டியளா, ஸாரே" என்றாள். வருஷா வருஷம் வருகிறவரை ஒருவர் கேட்கும் தோரணையில் கேட்டாள்.

பிறகு கொளச்சலுக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் மாமா பேசினார். சுனாமி வந்தபோது அவருக்கு உத்தியோகத்தில் இன்னும் சில மாதங்களே மிச்சம். அலை வடிந்த நாலைந்து நாளில் தபால் மறுபடியும் வர ஆரம்பித்தது. புத்தாண்டு வாழ்த்து அட்டைகள், வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகளும் புருஷர்களும் எழுதிய கடிதங்கள், பொங்கல் வாழ்த்துக்கள். விலாசங்கள் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. அந்த வீடுகள்தான் இல்லை. பெறுபவர் காலமானார் என்று எழுதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. "விதிப்படிதான் செய்தேன், மாப்பிள்ளை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் பார்த்து ஒருவன் துபாயில் உட்கார்ந்து தன் தாயார் செத்த செய்தியைத் தெரிந்துகொள்ளலாமா? ஒவ்வொன்றோடும் தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்தேன். எங்கே அடக்கம் செய்தார்கள், யார் கூட இருந்தார்கள் என்று விசாரித்து எழுதினேன். அதற்காக ஊர் ஊராகப் போனேன். அத்தையும் கூட வந்தாள். அப்புறம் எப்படித் திரும்பிப் போவது?"

சேமிப்புக் கணக்குப் புஸ்தகங்களை அலை கொண்டுபோனவர்களுக்கெல்லாம் மாற்றுப் புஸ்தகம் எழுதிக் கொடுத்ததுதான் அவருடைய உத்தியோக வாழ்க்கையின் கடைசி வேலை.

*

கொளச்சலைப் பற்றி ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். 1741 ஆகஸ்டு 10-இல் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மரின் சைன்யம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை இந்தக் கடற்கரையில் முறியடித்தது. ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் படை இந்திய அரசன் ஒருவனிடம் தோற்றுச் சரணடைந்த அந்த நாள், பிளாசி யுத்தத்துக்குப் பதினாறு வருஷம் முந்தியது. சரித்திரப் பாடத்தில் பிளாசிக்கு நாம் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது கொளச்சலுக்குக் கொடுக்கலாம் என்று வகுப்பில் நான் பல முறை சொல்லியிருக்கிறேன். மீனவர்கள் துடுப்புக்களைத் துப்பாக்கி போல் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் அணிவகுத்து நின்று டச்சுக்காரர்களை மிரட்டினார்கள் என்று ஒரு கதை இங்கே வழங்குகிறது. சிறை பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்த மண்ணிலேயே வாழ்ந்து, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானான். "வெளியூரிலிருந்து வந்து தங்கிவிட்டவர்களில் நான் முதல்வன் அல்ல" என்று மாமா சிரித்தார். 1957-இல் கொளச்சல் தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்று, காமராஜர் மந்திரிசபையில் மந்திரியாக இருந்த லூர்தம்மாள் சைமனையும் அவர் மறக்காமல் குறிப்பிட்டார்.

வெற்றித் தூணைப் பார்த்துவிட்டு, சுனாமியில் மாண்டவர்களைச் சேர்த்து அடக்கம் செய்த இடத்துக்குப் போனோம். இந்த ஊருக்குப் பின்னால் ஒரு பழைய கால்வாய் ஓடுகிறது. திருவனந்தபுரத்தையும் கன்யாகுமரியையும் நீர்வழியாக இணைக்கத் திருவிதாங்கூர் ராஜாங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கி, முழுவதும் முடிக்காமல் விட்டது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்று நீண்ட பெயர். அன்று கடலுக்குப் பயந்து உள்நோக்கி ஓடியவர்களில் பலர் இந்தக் கால்வாயைத் தாண்ட முடியாமல் அதில் விழுந்து இறந்தார்கள். முன்னே கால்வாய், பின்னே கடல். மாமா இதைச் சொன்ன பிறகு, அந்தக் கலங்கிய சிறு ஓடையை நெடுநேரம் என்னால் பார்க்க முடியவில்லை.

வழியிலுள்ள மணவாளக்குறிச்சியையும் மண்டைக்காட்டையும் நான் விரைவாகவே பார்த்தேன். மணவாளக்குறிச்சி மணல் கறுப்பு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தப் பக்கத்திலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியம் அந்தக் காலத்தில் காஸ் விளக்கு வலைகளுக்கு அவசியமாயிருந்தது. நம் மணல் கப்பலேறி அயல் நாட்டு வீதிகளுக்கு வெளிச்சம் போட்டது. இங்கே மீனவர் குடிசையில் எண்ணெய் விளக்குத்தான்! இப்போது மணல் சர்க்கார் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. கரையை மேலும் மேலும் தோண்டுவதைக் குறித்து ஊர்களில் கவலை இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. மண்டைக்காட்டில் பகவதி அம்மன் புற்று வடிவத்தில் வீற்றிருக்கிறாள். மாசிக் கொடைக்குப் பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வந்து கடலில் நீராடுகிறார்கள். 1982-இல் இந்தக் கடற்கரையில் மதத்தின் பெயரால் கலகம் மூண்டு, துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச் சேதமும் நேர்ந்தன. குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகச் சமாதானம் பேசினார். இப்போது அம்மன் கொடைக்கு மாமா போகிறார். புற்று மண் பிரசாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் கிழவிக்கும் கொடுக்கிறார். அவளும் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள்.

*

27-ஆம் தேதி, தேங்காப்பட்டணத்தைத் தாண்டி மேற்குக் கோடிக்குப் போனோம். குழித்துறை ஆறு கடலில் விழும் முகத்துவாரத்துக்கு அப்பால் இரையுமன்துறை முதல் நீரோடி வரையில் எட்டு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றைத் தூத்தூர் வட்டாரம் என்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு ஈடாக ஆழ்கடலில் சுறா பிடிக்கக் கூடியவர்கள் இந்தியாவில் இல்லை. ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினால், ஒரு மாதம், நாற்பது நாள் கூடக் கடலிலேயே இருப்பார்கள். அரபிக் கடலின் அக்கரை வரை அவர்களுக்குப் பழக்கம்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது இவர்கள் அந்த நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கொடுத்த வானொலி அலை எட்டாத தூரம் அது. குமரி ஜில்லாவில் நூற்றுக்கு மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. அவர்களில் பலருடைய உடலும் கிடைக்கவில்லை. காணாமற் போன ஒருவரை இறந்தவராகக் கொள்வதற்கு ஏழு வருஷம் செல்ல வேண்டும் என்பது பொதுவான சட்டம். அந்தச் சமயம் சர்க்கார் அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. ஆனாலும் அதற்கு எத்தனை காகிதம்! எத்தனை சான்றிதழ்! எழுபது வயதைத் தாண்டிய மாமா, சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் வீடு வீடாக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். "காணாமற் போனார் என்று எழுதச் சொல்வார்கள், இறந்தார் என்று எழுதினால் அழுவார்கள். மனுவில் இரண்டும் இருக்க வேண்டும். ஒரு மனு எழுத ஒரு பகல் ஆகும்" என்றார்.

ஒரு வீட்டில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். சுவரில் மாலை போட்ட படம்; வாலிப வயது. அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தை மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் பென்சிலால் திருத்தினார். வாசலுக்கு வெளியே பத்தடியில் கருங்கல் தடுப்புச் சுவர், அதற்கப்பால் கடல். சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு இரண்டு வரிசை வீடுகளும் ஒரு தெருவும் இருந்தனவாம். துறைமுகமும் தூண்டில் வளைவும் கட்டிய இடங்களில் ஒரு புறம் மணல் சேர்கிறது; மறு புறம் கரை கரைந்து போகிறது. தேங்காப்பட்டணத்து முகத்துவாரத்தில் சேரும் மணல் திட்டில் படகு கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். அழகான இடம் என்று நாம் வந்து பார்த்துவிட்டுப் போகிற கரை, இவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு முழம் குறைகிற வாசல்.

அன்று இரவு நான் என் தூதைப் பேசினேன். கோயமுத்தூர்ப் பெண்ணின் பயம் அசட்டுப் பயம் அல்ல என்று எடுத்துச் சொன்னேன். ஆனி ஆடியில் கடல் பொங்கும்போது, எண்பது வயதுக் கிழவர், முழங்கால் வலியோடு, ஓட்டு வீட்டில் தனியாக இருப்பது சரியில்லை. கண்ணால் பார்த்த பிறகு எனக்கே அது சரியென்று படவில்லை. இதை ஒளிக்காமல் சொன்னேன். மாமா கலங்கரை விளக்கத்தின் ஒளி சுழன்று சுழன்று தென்னை மட்டைகளில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூன்றாவது மாடியில் எனக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லு" என்றார் கடைசியில்.

"பேரன் பேத்தி இருக்கிறார்களே."

"அது வாஸ்தவந்தான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விசைப்படகுக்கு எத்தனை நாள் தடை?" என்று கேட்டார்.

"61 நாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"எனக்கும் அதையே போட்டுவிடு. ஜூன் முதல் தேதி கட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை 31-க்கு மேல் ஒரு நாள் வைத்திருக்கக் கூடாது. அவளிடம் எழுத்திலே வாங்கிக்கொண்டு வா."

மறுநாள் காலை நான் புறப்படுவதற்கு முன்பு, கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் இரண்டு வரிசையாக முப்பது பேர் நின்று, ஒரே குரலில் சத்தம் கொடுத்துக்கொண்டு வடத்தை இழுத்தார்கள். மாமாவும் போய்க் கடைசி ஆளாக வடத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்ததனால் வலை ஓர் அங்குலம் கூட முன்னால் வந்திராது. யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. மடியில் நெத்திலி வெள்ளிக் காசு போலத் துள்ளிற்று. பெண்கள் கூடைகளோடு சூழ்ந்துகொள்ள, ஏலம் ஆரம்பமாயிற்று. திரும்பும் வழியில் குமரி முனையில் பெருங்கூட்டம். டிசம்பர் 30-இல் பாறைக்கும் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறக்கப் போகிறார்கள் என்று பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

கோயமுத்தூர்ப் பெண் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்தாள். 2025 ஜூன் முதல் தேதி மாமா ஒரு பெட்டியும் ஒரு தார் மட்டிப் பழமுமாக அங்கே போய் இறங்கினார். பேரனுக்கு மீன்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார் என்று கேள்வி. ஜூலை 31 இரவு ரயில் ஏறிவிட்டார். நாலாவது நாள் எனக்குத் தபால் கார்டு வந்தது. 'சௌக்கியம். நடுநிசியிலேயே எல்லாப் படகும் போய்விட்டன. நான் வந்து சேரும்போது துறைமுகம் காலி. ஓட்டில் மூன்று இடத்தில் ஒழுகியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் ஓலை போட்டு வைத்திருக்கிறார்கள். சின்னத்துறைப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.'